முப்பதாயிரம்

மார்ச் 3
இரண்டு டீமையும் ஒன்றாக்கிவிட்டார்கள். நாங்கள் பைத்தான், அவர்கள் ஜாவாஸ்கிரிப்ட். முதல் ராத்திரியே போன்: பில்லிங் சர்வர் நகரவில்லை.

மார்ச் 4
காரணம் கிடைத்தது. பொது கான்ஃபிக் ஃபைலில் ‘டைம்அவுட்’ என்று ஒரு பெயர், மதிப்பு 30000. ஜாவாஸ்கிரிப்டின் செட்டைம்அவுட் அதை மில்லிசெகண்டாக எடுத்துக்கொள்ளும், அதாவது முப்பது விநாடி. பைத்தான் சாக்கெட்டுக்கோ அது விநாடிக் கணக்கு. எதிர்முனை பதில் தராவிட்டால் 8 மணி 20 நிமிடம் காத்துக் கிடக்கும். தனியாகப் படித்தால் எந்த வரியிலும் பிழை இல்லை. அதுதான் பயமாக இருக்கிறது.

மார்ச் 5
‘டைம்அவுட்_எம்எஸ்’ என்று பெயரை மாற்றி ரிவ்யூவுக்கு அனுப்பினேன்.

மார்ச் 7
கமென்ட்டுகள் குவிகின்றன. பாதிப்பேருக்கு அடிக்கோடுதான் பிரச்சினை. பைத்தானின் நடைக் கையேடான பெப் 8 அடிக்கோடு போடச் சொல்கிறது. அவர்கள் பக்கம் நடுவில் பெரிய எழுத்து போடுவது வழக்கம். அவரவர் மொழிக்கு அவரவர் வழக்கம் இருக்கட்டும், அலகு மட்டும் பெயரை விட்டுப் போகக்கூடாது என்று எழுதினேன்.

அவர்கள் டீமின் மூத்தவர், “டாக்குமென்ட்டில் எழுதினால் போதாதா?” என்று கேட்டிருக்கிறார். போதாது. நாசா செவ்வாய்க்கு அனுப்பிய க்ளைமேட் ஆர்பிட்டர் 1999 செப்டம்பரில் தொலைந்ததே, அங்கே நியூட்டன்-விநாடியில் தர வேண்டும் என்று டாக்குமென்ட்டில் இருந்தது. தரைக்கட்டுப்பாட்டு மென்பொருள் பவுண்டு-விநாடியில் எழுதித் தந்தது. ஏறக்குறைய 4.45 மடங்கு வித்தியாசம். எண்ணைப் பார்த்தவர்களுக்கு அலகு கண்ணில் படவில்லை. இதையெல்லாம் நீளமாகவே எழுதிவிட்டேன்.

மார்ச் 10
பதில் இல்லை. அப்ரூவலும் இல்லை.

மார்ச் 13
கேன்டீனில் அவரே வந்து எதிரில் உட்கார்ந்தார். “தம்பி, நம்ம அலர்ட் எல்லாம் லாக்ல அந்தப் பேரைத் தேடித்தான் அடிக்குது. பேர் மாறினா ஒண்ணும் அடிக்காது. சர்வர் படுத்தாலும் காலையிலதான் தெரியும்.” பல வருஷமாக ராத்திரிப் போனை எடுப்பவர் அவர். சாம்பார் சாதம் ஆறும்வரை அலர்ட்டுகளை ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே போனார். நான் டிஷ்யூ பேப்பரில் குறித்துக்கொண்டேன்.

மார்ச் 14
தூக்கமில்லை.

மார்ச் 18
அவரும் நானும் சேர்ந்து உட்கார்ந்தோம். அலர்ட்டுகள் மாறும்வரை லாக்கில் பழைய பெயரும் புதிய பெயரும் இரண்டுமே வரும். புதிதாகச் சேர்ந்த பெண் ‘ரீட்ரை_டிலே’யைக் காட்டி, “அண்ணா, இது செகண்டா, மில்லிசெகண்டா?” என்றாள். அவர் ஒன்று சொன்னார், நான் ஒன்று சொன்னேன். மூவரும் கோட் ஃபைலைத் திறந்து தேட ஆரம்பித்தோம். ரிவ்யூ இன்னும் மூடவில்லை.