தண்ணியில கண்டமும் பங்கோர் தீவில் மூணு நாளும்

இந்த வாரம் கோயில் வேலை பற்றிய பதிவு இல்லை. பள்ளி விடுமுறையில் குடும்பத்தோடு பங்கோர் தீவுக்குப் போயிட்டு வந்தோம். படம் போட்டதும் நம்ம அன்னதானக் குழுவிலேயே நாலைஞ்சு பேர் கேட்டுட்டீங்க, "சின்னப் பிள்ளைங்கள வச்சிக்கிட்டு கடலுக்கா? பயமா இல்லையா அண்ணே?"ன்னு. தனித்தனியா பதில் எழுத நேரம் இல்லை, அதனால இங்கேயே எழுதுறேன். நீளமான பதிவு, பொறுத்துக்குங்க.

போனது எட்டுப் பேர். நான், மனைவி, மூத்த மகள், மாப்பிள்ளை, அவங்க பிள்ளைங்க மூணு பேர் (7 வயசு, 4 வயசு, ஒன்றரை வயசு), அப்புறம் இன்னும் கல்யாணம் ஆகாத என் சின்ன மகன்.

ஏன் பங்கோர்னு கேட்டா, டிசம்பரில் கிழக்குக் கரைத் தீவுகளுக்கு மழைக்காலம். பெர்ஹெந்தியான், ரெடாங் பக்கம் பெரும்பாலான தங்குமிடங்களை மூடிடுவாங்க, அலையும் பெருசா இருக்கும். பங்கோர் மேற்குக் கரையில் இருக்கு. மழை வந்தாலும் வந்துட்டுப் போயிடும். ஈப்போவில் இருந்து லுமுட் ரெண்டு மணி நேரத்துக்குள்ள போயிடலாம், காடியை அங்கேயே நிறுத்திட்டு பெர்ரி ஏற வேண்டியதுதான். ஜெட்டியை விட்டுக் கிளம்பினதும் கடற்படைக் கப்பல்கள் வரிசையா தெரியும், பேரப்பிள்ளை ஒவ்வொண்ணா எண்ணிக்கிட்டே வந்தான். பெர்ரி முதல்ல சுங்கை பினாங் கெச்சில்ல நிற்கும். அங்க அவசரப்பட்டு இறங்கிடாதீங்க, அடுத்ததுதான் பங்கோர் ஜெட்டி. இறங்கினா பிங்க் நிற வேன் டாக்சி நிறைய நிற்கும். நாங்க தங்கினது தெலுக் நிப்பா. சாயங்காலம் ஆனா எங்காங் பறவைங்க, தமிழ்ல இருவாச்சின்னு சொல்வாங்க, கூட்டமா வந்து மரத்துல உட்காரும். நாலு வயசுக்காரி அதோட மூக்கைப் பார்த்துட்டு, "தாத்தா, அது ரெண்டு மூக்கு வச்சிருக்கு"ன்னா.

இதெல்லாம் யார் வேணும்னாலும் சொல்லிடுவாங்க. நீங்க கேட்ட பயத்தைப் பற்றித்தான் நான் எழுத நினைச்சது.

என் மூத்த மகள் பிறந்தப்போ ஜாதகம் எழுதினவர், "தண்ணியில கண்டம் இருக்கு, பார்த்துக்குங்க"ன்னு ஒரு வரி எழுதிட்டார். எங்க அம்மாவுக்கு அந்த ஒரு வரி போதும். அதுக்குக் காரணம் இருக்கு. அம்மா சின்ன வயசுல பத்து காஜா பக்கம் தோட்டத்துல வளர்ந்தவங்க. அங்க சுத்திலும் ஈயக் குட்டைங்க. ஈயம் தோண்டி முடிச்சிட்டு விட்டுட்டுப் போன பள்ளம், மழைத்தண்ணி நிறைஞ்சு பச்சையா அழகா இருக்கும். ஆனா கரையில இருந்து ஒரு அடி வச்சா சட்டுனு ஆழம். 1950-களில் அம்மாவோட தம்பி, அப்போ ஒன்பது வயசு, ஒருநாள் மத்தியானம் குளிக்கப் போய் அங்கேயே போயிட்டார். அம்மாவுக்கு அப்போ பதினொரு வயசு. கரையில நின்னு பார்த்தவங்க.

அதனால எங்க வீட்டுல பிள்ளைங்களை யாரும் தண்ணியில விட்டதில்லை. மகள் பள்ளிச் சுற்றுலா போனா நீர்வீழ்ச்சி இருக்கான்னு அம்மா முதல்ல கேட்பாங்க. மாசி மகத்துக்கு நாங்க பங்கோர் பத்திரகாளியம்மன் கோயிலுக்குப் போயிருக்கோம், அந்தக் கூட்டத்துலயும் அம்மா கை மகளோட சட்டையை விடாது. கண்டம் வந்துடக் கூடாதேன்னு அன்பாலதான் செஞ்சாங்க. ஆனா முப்பத்திரண்டு வயசுல என் மகளுக்கு இடுப்பளவு தண்ணியில நின்னாலே மூச்சு வாங்குது.

ஜாதகத்தை நான் குறை சொல்லலை. கோயில்ல நிற்கிறவன், சொல்லவும் மாட்டேன். ஆனா ஒண்ணு யோசிச்சுப் பாருங்க. வாகனத்துல கண்டம்னு எழுதியிருந்தா நாம மோட்டார் ஓட்டுறதை விட்டுடுறோமா? சாமிக்கு ஒரு எலுமிச்சம்பழம், தலைக்கு ஒரு ஹெல்மெட், அவ்வளவுதான். தண்ணின்னு வந்தா மட்டும் ஏன் கிட்டயே போகாதேன்னு சொல்லி வளர்க்கிறோம்? கிட்டப் போகாத பிள்ளை என்னைக்காவது தவறி விழுந்தா அதுக்கு என்ன தெரியும்?

இதை என் மாப்பிள்ளை என்னை விட முன்னாடியே யோசிச்சிருக்கார். பெரியவனை அஞ்சு வயசுலயே நீச்சல் வகுப்புல சேர்த்துட்டார். எங்க அம்மாவுக்குத் தெரியாது. "மாமா, பாட்டிகிட்ட சொல்லிடாதீங்க"ன்னு என்கிட்ட மட்டும் சொன்னார். ரெண்டு வருஷம் வாயைத் திறக்காம இருந்தேன்.

நான் கையுறைத் தொழிற்சாலையில 28 வருஷமா வேலை செய்றேன், இப்போ சூப்பர்வைசர். அங்க கத்துக்கிட்டது ஒண்ணு: "எல்லாரும் பார்த்துக்குங்க"ன்னு சொன்னா யாரும் பார்க்க மாட்டாங்க. ஷிப்ட் மாறும்போது ஆள் முகத்தைப் பார்த்து, "இந்த லைன் இப்ப உன் கையில"ன்னு சொல்லணும், அவன் "சரி"ன்னு வாயைத் திறந்து சொல்லணும். அதுக்கு அப்புறம்தான் நான் நகரலாம். அதையே கடற்கரைக்கும் கொண்டு வந்துட்டேன். பழைய சிவப்புத் தொப்பி ஒண்ணு எடுத்துட்டுப் போனேன். தொப்பி யார் தலையில இருக்கோ அவங்க வேலை தண்ணியைப் பார்க்கிறது மட்டும்தான். போன் கிடையாது, சாப்பாடு கிடையாது, பேச்சுக்கூட குறைச்சல். இருபது நிமிஷத்துக்கு ஒரு தடவை கை மாத்துவோம். மாத்தும்போது "மூணு பிள்ளை, உங்க கையில"ன்னு சொல்லணும். என் சின்ன மகன் முதல் நாள் சிரிச்சான். "அப்பா, இது என்ன பேக்டரியா?"ன்னான்.

ரெண்டாம் நாள் அவனே சிரிக்கலை. எங்களுக்குக் கொஞ்ச தூரத்துல இன்னொரு குடும்பம், பெரிய கூட்டம், பாய் விரிச்சு சாப்பிட்டுக்கிட்டு இருந்தாங்க. நல்ல மனுஷங்க, எங்களுக்கும் மீகூன் தட்டு நீட்டினாங்க. அவங்க பிள்ளை ஒண்ணு, மூணு வயசு இருக்கும், முழங்கால் தண்ணியில விளையாடிக்கிட்டு இருந்தது. ஒரு படகு போன அலை வந்து அதை உட்கார வச்சிடுச்சு, அடுத்த அலை குப்புறத் தள்ளிடுச்சு. சத்தமே இல்லை. அழுகை இல்லை, கை ஆட்டலை. பத்துப் பன்னிரண்டு பெரியவங்க இருந்தும் ஒருத்தரும் பார்க்கலை, ஏன்னா ஒவ்வொருத்தரும் இன்னொருத்தர் பார்க்கிறார்னு நினைச்சாங்க. அப்போ தொப்பி மாப்பிள்ளை தலையில. ஓடிப் போய்த் தூக்கிட்டார். பிள்ளை ரெண்டு தடவை இருமிட்டு அழ ஆரம்பிச்சது. அழுதப்போதான் அவங்க அம்மாவே திரும்பிப் பார்த்தாங்க.

இதைக் கவனிச்சுக்குங்க. சினிமாவுல காட்டுற மாதிரி மூழ்குற பிள்ளை "காப்பாத்துங்க"ன்னு கத்தாது. வாய் தண்ணி மட்டத்துல இருக்கும்போது மூச்சு எடுக்கவே நேரம் பத்தாது, அப்புறம் எங்க கத்துறது? சத்தமா விளையாடிக்கிட்டு இருந்த பிள்ளை திடீர்னு அமைதியானா ஓடிப் போய்ப் பாருங்க. அப்புறம் அந்தக் காத்தடிச்ச வாத்து மிதவை, கையில மாட்டுற பலூன் எல்லாம் விளையாட்டுச் சாமான். கரையில இருந்து கடல் பக்கம் காத்து அடிச்சா பிள்ளையோட சேர்த்து இழுத்துட்டுப் போயிடும். எடைக்கு ஏத்த லைப் ஜாக்கெட் வாங்குங்க, சின்னதுங்களுக்குக் கால் நடுவுல மாட்டுற பட்டை இருக்கணும். அது இல்லைன்னா ஜாக்கெட் மேல வந்துடும், பிள்ளை கீழே போயிடும்.

அன்னைக்கு ராத்திரி பிள்ளைங்க தூங்கினதும் மகள் வெளியே வந்து என் பக்கத்துல உட்கார்ந்தா. ரொம்ப நேரம் பேசலை. அப்புறம், "அப்பா, அது நம்ம பிள்ளையா இருந்து, அவர் பக்கத்துல இல்லாம நான் மட்டும் இருந்திருந்தா? நான் கரையில நின்னு கத்தத்தான் முடியும். பாட்டி மாதிரி"ன்னா.

எனக்குப் பதில் வரலை. அவளும் பதிலுக்காகச் சொன்ன மாதிரி தெரியலை.

மூணாம் நாள் காலையில தெலுக் கெடோங்ல இருக்கிற டச்சுக் கோட்டைக்குப் போகலாம்னு என் திட்டம். 1670-ல கட்டினது, பேராக் ஈயத்தைச் சேர்த்து வச்சுக் காக்கிறதுக்கு. அந்த ஈயத்தைத் தேடி எத்தனை நாட்டுக்காரன் வந்து போனான்! 1874-ல பங்கோர் ஒப்பந்தம் போட்டு வெள்ளைக்காரன் பேராக்குல கால் வச்சதுக்கும் ஈயத்துக்கும் சம்பந்தம் இல்லாம இல்லை. கடைசியில அவங்க எல்லாம் போயிட்டாங்க, குட்டைங்க மட்டும் நம்ம தோட்டத்துப் பிள்ளைங்களுக்கு மிச்சம். இதையெல்லாம் பேரனுக்குச் சொல்லலாம்னு நினைச்சிருந்தேன். ஆனா மகள், "நீங்க போயிட்டு வாங்கப்பா, நான் தண்ணிக்குப் போறேன்"ன்னா. கோட்டை எங்க போகப் போகுது? நானும் போகலை.

காலை ஏழரை மணி. அலையே இல்லை, தண்ணி தட்டு மாதிரி இருந்தது. மாப்பிள்ளை பக்கத்துல நின்னார், தொப்பி என் மனைவி தலையில. மகள் முதல்ல முழங்கால், அப்புறம் இடுப்பு. அவ கை நடுங்குறது கரையில இருந்த எனக்கே தெரிஞ்சது. பெரியவன் வாத்தியார் ஆயிட்டான். "அம்மா, காதையும் தண்ணியில வைங்க. வயித்த மேல தூக்குங்க. வானத்தப் பாருங்க, என்னைப் பார்க்காதீங்க." முதல் தடவை தண்ணி குடிச்சா. ரெண்டாம் தடவையும் குடிச்சா. எழுந்து போயிடுவான்னு நினைச்சேன். மூக்கைத் துடைச்சிட்டு மறுபடியும் படுத்தா. நாலாவதோ அஞ்சாவதோ, மாப்பிள்ளை முதுகுக்குக் கீழே வச்சிருந்த கையை மெதுவா எடுத்துட்டார். அவளுக்குத் தெரியலை. எத்தனை வினாடி மிதந்தான்னு கேட்டா, பெரியவன் எட்டுன்னு சொல்றான், என் கணக்குக்குப் பத்து.

என் மனைவி தொப்பியைக் கழட்டாம அழுதுக்கிட்டு இருந்தாங்க. கண்ணு மட்டும் தண்ணியை விட்டு நகரலை.

ஊருக்குத் திரும்பினதும் மகள் பெண்களுக்கான நீச்சல் வகுப்பு எங்க நடக்குதுன்னு விசாரிச்சுட்டா. சனிக்கிழமை காலையில போறா, கூட அவங்க அம்மாவும். 53 வயசுல இதெல்லாம் தேவையான்னு என்னைக் கேட்டாங்க, நானே நீச்சலுடை வாங்கிக் கொடுத்தேன். நம்ம பாலர் வகுப்புக்கு வர்ற பிள்ளைங்களோட பெற்றோர் யாராவது சேர்ந்து போகணும்னா எனக்குச் செய்தி அனுப்புங்க. பத்துப் பேர் சேர்ந்தா கட்டணம் குறைப்பாங்களான்னு பேசிப் பார்க்கிறேன்.

அம்மாகிட்ட எப்படிச் சொல்றதுன்னுதான் பெரிய யோசனையா இருந்தது. கடைசியில பெரியவனே பூட்டி பக்கத்துல உட்கார்ந்து போனை நீட்டிட்டான். மாப்பிள்ளை எடுத்த வீடியோ, பையன் தெலுக் நிப்பாவுல நீந்துறான். நாங்க எல்லாரும் சமையல்கட்டு வாசல்ல நின்னு பார்த்துக்கிட்டு இருந்தோம். அம்மா கண்ணாடியைத் துடைச்சுப் போட்டுக்கிட்டு முழுசாப் பார்த்தாங்க. திட்டலை. "திரும்பப் போடு"ன்னாங்க. போட்டான். மூணு தடவை பார்த்துட்டு, பையன் தலையைத் தொட்டு, "தண்ணிக்குள்ள இருக்கும்போது மூச்சை என்னடா பண்ணுவே?"ன்னு கேட்டாங்க.

அவன் கன்னத்தை உப்பிக் காட்ட ஆரம்பிச்சான்.