ஆண்டுக்கு ஒரே ஓதம்

மதுரையில் அயிரை மீன் குழம்பு வைக்கிறவர்கள் முதலில் மீனுக்குப் பால் கொடுப்பார்கள். உயிரோடு வாங்கிவந்த அயிரையை எவர்சில்வர் சட்டியில் கொட்டி, தேங்காய்ப் பாலோ பசும்பாலோ ஊற்றி மூடிவைத்தால், அது பாலைக் குடித்து வயிற்றில் இருக்கும் மண்ணைக் கக்கிவிடும். பாலை வடித்த பிறகு சட்டியின் அடியில் பொடிமணல் விரலில் நெருடும். கிலோ ஆயிரம் ரூபாயைத் தாண்டும் மீனை மண் கடிக்காமல் தின்பதற்கான ஏற்பாடு இது. ஆனால் அந்த வண்டலைக் கழுவி ஊற்றுவதற்கு முன் ஒரு நிமிடம் பார்த்தால் சூழலியலின் முதல் பாடம் அங்கே கிடக்கிறது. இந்த மீன் எங்கே வாழ்ந்தது, எதைத் துழாவித் தின்றது, மணல் அள்ளிய ஆற்றில் அதற்கு ஏன் இடமில்லாமல் போகிறது என்பதெல்லாம் அதில் இருக்கிறது. இந்தச் சட்டி புழங்கும் வீட்டுப் பிள்ளைகள் விலங்கியல் படிக்கப் போனால், களப்பணி என்று ஏறத்தாழ 150 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் மண்டபத்துக்குப் பஸ் ஏறுகிறார்கள். போகவேண்டிய இடம்தான். ஆனால் ஊருக்குள்ளேயே இருக்கும் வண்டியூர்க் கண்மாய்க் கரையில் ஒரு வருடம் நிற்காமல் மண்டபம் போவது, எழுத்துக் கூட்டத் தெரியாமல் புத்தகத்தைப் பிரிப்பது மாதிரி என்பது என் கட்சி.

மண்டபத்துக்குப் போவதற்குள்ள காரணங்களை மறைத்துவிட்டு வாதாடுவது நியாயமில்லை. பாம்பனை ஒட்டிய குருசடைத் தீவின் கரையோர உயிர்களைப் பற்றி 1927-லேயே சென்னை அருங்காட்சியகம் தனி வெளியீடு கொண்டுவந்தது. மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் 1971-ல் கொச்சிக்குத் தலைமையிடத்தை மாற்றும்வரை இருபது ஆண்டுகளுக்கு மேல் மண்டபத்தில்தான் இருந்தது. மதுரை காமராசர் பல்கலைக்கழகமே பக்கத்துப் புதுமடத்தில் கடல் ஆய்வுக்கென இடம் வைத்திருக்கிறது. நட்சத்திர மீன், கடல் முள்ளெலி, கடல் அட்டை ஆகியவை சேர்ந்த முட்தோலிக் கூட்டத்தில் நன்னீரில் வாழும் இனம் ஒன்றுகூடக் கிடையாது. வைகையைத் தலைகீழாகக் கவிழ்த்தாலும் அவை அகப்படாது. ஆகவே கடலுக்குப் போகத்தான் வேண்டும். ஆனால் போய்ச் செய்வது என்ன? ஒன்றரை நாளில் நாற்பது ஐம்பது பெயர்களை நோட்டில் எழுதிக்கொள்வது. ஒரு காலத்தில் பார்மலின் பாட்டிலும் உடன் போகும். 2001-ல் பவளமும் கடல் குதிரையும் கடல் அட்டையும் வனவிலங்குச் சட்டத்தின் பாதுகாப்புக்குள் வந்த பிறகு அந்த வழியும் அடைபட்டது, நல்லவேளை. மிஞ்சுவது அருங்காட்சியகக் கண்ணாடிப் பெட்டிகளும் படகில் ஒரு சுற்றும். பெயர் தெரிந்துகொள்வது வகைப்பாட்டியல். யார் யாரைத் தின்கிறார்கள், இது ஏன் இங்கே இருக்கிறது, நாலடி தள்ளி ஏன் இல்லை என்று கேட்பதுதான் சூழலியல். அந்தக் கேள்விக்கு விடை வேண்டுமானால் ஒரே இடத்துக்குத் திரும்பத் திரும்பப் போகவேண்டும். இளநிலைப் படிப்புகளுக்கெல்லாம் பல்கலைக்கழக மானியக் குழு முன்பு வகுத்திருந்த சுற்றுச்சூழல் பாடத்திட்டத்தில் மொத்தம் 50 வகுப்புகள், களப்பணிக்கு 5. அந்த ஐந்திலும் அது சொன்ன எளிய உதாரணங்கள் குளம், ஆறு, மலைச்சரிவு.

கடற்கரைச் சூழலியலின் உயிர்நாடி ஓதம். நாளுக்கு இரண்டு முறை நீர் ஏறி இறங்குவதால் பாறையில் பட்டை பட்டையாக உயிர்கள் பிரிந்து நிற்கின்றன. மேலே வெயில் தாங்குபவை, கீழே தாங்காதவை. சூழலியலாளர் ராபர்ட் பெய்ன் 1960-களில் வாஷிங்டன் மாநிலக் கரையில் நட்சத்திர மீன்களைப் பெயர்த்துக் கடலுக்குள் எறிந்துகொண்டே இருந்தார். தின்ன ஆளில்லாமல் போனதும் சிப்பிகள் பாறையைப் பிடித்துக்கொண்டன, கூட இருந்த இனங்கள் பாதியாகக் குறைந்தன. ஒரே ஒரு இனத்தின் மேல் ஒரு சமூகமே நிற்கலாம் என்ற கருத்து அங்கிருந்துதான் வந்தது. ஆனால் இந்தப் பட்டைகளை அழகாக வரைந்து காட்டும் பாடநூல்கள் பிரிட்டன், அமெரிக்கக் கரைகளைப் பார்த்து எழுதப்பட்டவை. அங்கே நீர் பல மீட்டர் ஏறி இறங்கும். மண்டபத்தில் ஒரு மீட்டர்கூட இல்லை. புத்தகத்துப் படம் இங்கே ஒரு முழத்துக்குள் நசுங்கிக் கிடக்கிறது. பழகாத கண்ணுக்கு அது வெறும் அழுக்குக் கோடு. கண்மாய்க்கும் ஓதம் உண்டு, ஆண்டுக்கு ஒன்றே ஒன்று. ஐப்பசி கார்த்திகையில் ஏறும் நீர் தை தொடங்கி ஆனி வரை மெல்ல இறங்குகிறது. உள்வாய் சப்பட்டையான சரிவு என்பதால், உயரத்தில் ஓரடி இறங்கினால் தரையில் பல கஜம் வெளியே தெரியும். கடலில் ஒரு முழத்துக்குள் நசுங்கிய பட்டைகள் இங்கே நடந்து கடக்கும் அகலத்துக்கு விரிந்து கிடக்கின்றன. ஆழத்தில் வேலம்பாசியும் அல்லியும், ஓரத்தில் சம்பும் கோரையும், ஈரம் காயாத சேற்றில் நீர்முள்ளியும் பொடுதலையும், வெடித்துக் காய்ந்த தரையில் செருப்படை. நத்தை சேற்றுக்குள் இறங்கி மூடியை இறுக்கிக்கொண்டு மாதக்கணக்கில் உறங்கும். தை மாதம் தொடங்கி வாரத்துக்கு ஒரு குச்சி நீர்விளிம்பில் நட்டு, ஒவ்வொரு குச்சியடியிலும் ஒரு சதுர அடியை எண்ணிவந்தால் போதும். நைலான் கயிறும் நோட்டும் தவிரச் செலவில்லை.

வண்டியூர்க் கண்மாயா, சாக்கடையா என்று கேட்பார்கள். கேள்வி நியாயமானது. வடக்கே சாத்தையாற்றுப் பக்கத்து நீருக்காக இருந்த கண்மாய்க்கு இப்போது நகரத்தின் கழிவும் வந்து சேர்கிறது. ஆகாயத்தாமரை படர்கிறது, கோடையிலும் முழுக்க வற்றாத ஆண்டுகள் உண்டு. நான் சொன்ன ஒற்றை ஓதமே இங்கே குழம்பிக் கிடக்கிறது என்று ஒருவர் மடக்கினால், அந்தக் குழப்பத்தை அளப்பதுதான் பாடம் என்பேன். விடியலுக்கு முன் ஒரு முறையும் பிற்பகலில் ஒரு முறையும் நீரில் கரைந்த ஆக்சிஜனை அளந்து பார்த்தால், பகலில் தாவரம் ஊட்டியதை இரவில் எல்லா உயிர்களும் சேர்ந்து எப்படித் தின்று தீர்க்கின்றன என்பது எண்ணிலேயே தெரிந்துவிடும். ஆக்சிஜன் அற்றுப்போகும் சேற்றில் ரத்தப்புழு நெளிகிறதென்றால் அதன் சிவப்புக்குக் காரணம் நம் ரத்தத்தில் இருக்கும் அதே ஹீமோகுளோபின். 1952-ல் இந்தியாவுக்கு வந்த ஜிலேபிக் கெண்டை அழுக்கையும் உப்பையும் ஒருசேரத் தாங்கி, கண்மாயிலும் கழிமுகத்திலும் செழிப்பதைப் பார்த்தால், வந்தேறி உயிரின் வெற்றிக்கு என்ன தகுதி வேண்டும் என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. சூழலியலின் பெரிய சிந்தனைகள் பல, அழகான நீர்நிலைகளில் பிறக்கவில்லை. சூழல் மண்டலம் என்ற சொல்லைச் சூழலியலாளர் டான்ஸ்லி 1935-ல் எழுதினார். அது எப்படி ஓடுகிறது, ஒருவர் வாயிலிருந்து அடுத்தவர் வாய்க்கு ஆற்றல் எவ்வளவு கைமாறுகிறது என்று கணக்கிட்டுக் காட்டியவர் ரேமண்ட் லிண்ட்மன். அவர் உட்கார்ந்த இடம் மின்னசோட்டாவில் தூர்ந்துகொண்டிருந்த ஒரு சின்ன ஏரி. 1942-ல் வந்த அந்தக் கட்டுரையை முதலில் மதிப்பிட்டவர்கள் வேண்டாம் என்றார்கள். அச்சாவதற்கு முன்பே அவர் இறந்துவிட்டார், வயது 26.

கண்மாய் மனிதன் வெட்டியது, இயற்கை அல்ல என்பது இன்னொரு ஆட்சேபம். இதை மதுரைக்காரர்களே சொல்வதுதான் வேடிக்கை. கரை, மடை, கலிங்கு, மறுகால் என்று உறுப்புக்கு உறுப்பு பெயர் வைத்த சமூகம் அதற்குள் வாழ்பவற்றைக் கணக்கில் சேர்க்காமலா இருந்தது? சித்திரைத் திருவிழாவில் அழகர் வண்டியூர் வந்து, தேனூர் மண்டபத்தில் தவளையாகச் சபிக்கப்பட்ட மண்டூக முனிவருக்கு விமோசனம் தருகிறார். அந்தச் சடங்கில் ஒரு நாரையும் பறக்கவிடப்படும். தவளையையும் அதைக் கொத்தும் நாரையையும் ஒரே மேடையில் ஏற்றிய ஊர் இது (புராணத்தை உணவுவலையாக வாசிப்பதாக யாரும் சண்டைக்கு வரவேண்டாம்). 2022-ல் மன்னார் வளைகுடா உயிர்க்கோளக் காப்பகம் ஈரநிலங்களுக்கான ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. அதே ஆண்டு, அதே பட்டியலில், ராமநாதபுரம் மாவட்டத்துச் சித்திரங்குடியும் கஞ்சிரங்குளமும் சேர்ந்தன. இரண்டும் பாசனத்துக்கு வெட்டிய கண்மாய்கள். பறவைக்குக் கரை போட்டது யார் என்ற கவலை இல்லை, ஆழமும் சரிவும் மீனும்தான் கணக்கு. அதனால்தான் கண்மாய்களில் நடைபாதையும் படகுத்துறையும் அமைக்கும் வேலைகள் வரும்போது பார்க்கவேண்டியது கரையின் அழகு அல்ல. சாய்வான உள்வாயைக் கல் பதித்துச் செங்குத்தாக்கினால் நடுவில் இருக்கும் பட்டைகள் அத்தனையும் போய்விடும். நீர் இருக்கும், கரை இருக்கும், இரண்டுக்கும் இடையில் வாழ்ந்தவை இருக்காது.

வண்டியூரையும் மண்டபத்தையும் எதிரெதிராக நிறுத்துவதே பிசகு. இரண்டும் ஒரே ஆற்றின் கதை. வண்டியூரைத் தாண்டியதும் விரகனூர் மதகணையில் வைகை வாய்க்கால்களாகப் பிரிகிறது. மானாமதுரை, பார்த்திபனூர், பரமக்குடி என்று வழியெல்லாம் கண்மாய்களுக்குக் கொடுத்துக்கொண்டே போய், ராமநாதபுரம் பெரிய கண்மாயில் அடங்குகிறது. அங்கும் மிஞ்சினால்தான் ஆற்றங்கரை ஊர்ப்பக்கம் கடலைத் தொடும். சிவனுக்கு நஞ்சு கொடுத்த கடலின் வாசலை வைகை மிதிப்பதில்லை என்று பழம்புலவர் ஒருவர் காரணம் கற்பித்தார். கண்மாய்க் கணக்கை அறிந்தவருக்கு அந்தக் கற்பனை தேவைப்படாது. ஆனால் இதற்கு விலை கொடுப்பவை சில உண்டு. பாம்புக்குத் தலையும் மீனுக்கு வாலும் காட்டுவதாக நாம் கேலி செய்யும் விலாங்கு கடலில் பிறந்து, ஆற்றில் ஏறி நன்னீரில் வளர்ந்து, முட்டையிட மறுபடி கடலுக்குத் திரும்புவது. ஒவ்வொரு மதகணையும் அதற்கு ஒரு பூட்டிய கதவு. நான்குவழிச் சாலையில் பஸ்ஸில் போகிறவர்களுக்கு இந்தக் கதவுகளில் ஒன்றுகூடக் கண்ணில் படாது. கடற்கரைக் களப்பணி வண்டியூரில் தொடங்கி ஆற்றோடு இறங்கி, நின்று நின்று போனால், கடல் எங்கே தொடங்குகிறது என்ற கேள்வியே மாறிவிடும்.

அப்படி வந்து சேர்ந்தவருக்கு மண்டபம் வேறு ஊர். ஒடுங்கிய நிலத்தின் வடக்கே பாக் விரிகுடா, தெற்கே மன்னார் வளைகுடா. வாடைக் காலத்தில் வடகடல் கொந்தளிக்கும், கச்சான் காலத்தில் தென்கடல். ஒரு கடல் கலங்கினால் மற்றதைப் போய்ப் பார்க்கலாம் என்று ஒப்பிடுவதற்கென்றே அமைந்த இடம். ஆகாயத்தாமரை வெளிச்சத்தை மறித்துக் கண்மாயை மூச்சுத்திணற வைப்பதைப் பார்த்த மாணவி, வளர்ப்புக்காக இந்தப் பக்கம் வந்த கப்பாஃபைகஸ் பாசி குருசடைப் பவளத்தின் மேல் ஏறி மூடியது என்று கேட்டால், ஏன் என்று கேட்கமாட்டாள், எவ்வளவு வேகத்தில் என்று கேட்பாள். படகுத்துறைத் தூணில் தெரியும் அழுக்குக் கோடும் அவளுக்கு அழுக்காக இருக்காது. வண்டியூரில் ஆறு மாதம் இறங்கிய நீர் இங்கே ஆறு மணி நேரத்தில் இறங்குகிறது. அதே நைலான் கயிற்றைத் தூணில் கட்டி, ஒரு முழத்துக்குள் எத்தனை பட்டை என்று எண்ணத் தொடங்கலாம். நீர் விலகியதும் தூணில் ஒட்டியிருக்கும் கொட்டலசு தன் கதவை இறுகச் சாத்திக்கொள்ளும். நீர் ஏறினால் உடனே கதவைத் திறந்து இறகு மாதிரியான கால்களை நீட்டித் துழாவ ஆரம்பித்துவிடும். வண்டியூர் நத்தைக்கு அதற்கு ஐப்பசி வரவேண்டும்.