சாங்கியிலிருந்து குச்சுப் பள்ளிக்கு

சிங்கப்பூரில் வந்திறங்கிய என்னை அழைத்துச் செல்ல மருமகன் கார் கொண்டுவருவதாகச் சொல்லியிருந்தார். வேண்டாமென்று தடுத்துவிட்டேன். காரணம் வாப்பா. எண்பத்தேழு வயதில் கட்டிலோடு இருக்கும் அவர்கள், நான் புறப்படும்போது கையைப் பற்றிக்கொண்டு சொன்னார்கள்: "உன் பாட்டனார் சபர் போன ஊர். அவருக்கு ஜனாஸா தொழவைத்தது குச்சுப் பள்ளியில் என்று ஊர்க்காரர் கடிதம் எழுதினார். அங்கே போய் துஆ செய். போகிற வழியையும் நன்றாகப் பார்த்து வந்து எனக்குச் சொல்."

1973 வரை நம் கரைக்கும் மலாயாக் கரைக்கும் இடையே ஓடிய ரஜூலா கப்பலில் பாட்டனார் சென்றபோது வாப்பாவுக்கு ஒன்பது வயது. அதன் பின் தந்தையை அவர்கள் காணவில்லை. காரில் விரைந்தால் வழியை எங்கே பார்ப்பது? ஆகவே ரயிலைத் தேர்ந்தேன்.

சாங்கி விமான நிலையம் 1981இல் திறக்கப்பட்டது. ரயில் வந்ததோ 2002 பிப்ரவரியில்தான். இரண்டாம், மூன்றாம் முனையங்களுக்கிடையே நிலத்தடியில் நிலையம் அமைந்துள்ளது. ரொக்கம் கொடுத்து ஒற்றைப் பயணச்சீட்டு வாங்கும் வழக்கம் 2022இல் நின்றுபோயிற்று. அங்கு விற்கும் பயண அட்டையையோ, கைவசமுள்ள விசா, மாஸ்டர்கார்டு அட்டையையோ வாயிலில் தொட்டுக்காட்டி உள்ளே செல்லலாம். வாடகைக் காருக்கு ஆகும் செலவில் இது சிறு பங்கே. ஆனால் வண்டியில் தின்பதும் குடிப்பதும் குற்றம். 500 வெள்ளி வரை அபராதம் உண்டு. உம்மா கட்டித் தந்த பலகாரப் பொட்டலத்தைப் பைக்குள் இன்னும் ஆழமாகத் தள்ளினேன்.

இரண்டாவது நிலையமான தானா மேராவில் இறங்கி, நகருக்குச் செல்லும் வண்டிக்கு மாற வேண்டும். 'செம்மண்' என்பது அப்பெயரின் பொருள். அங்கிருந்து உயர்ந்த பாலத்தின்மீது வண்டி ஓடுகிறது. அடுக்கு வீடுகளும் மரங்களும் மாறிமாறி வருகின்றன. என் கருத்தைக் கவர்ந்தவையோ நிலையங்களின் பெயர்கள்.

யூனோஸ் என்றொரு நிலையம். 1924இல் சட்டமன்றத்தில் இடம்பெற்ற முதல் மலாய்க்காரரான பத்திரிகையாளர் முகம்மது யூனோஸ் அப்துல்லாஹ்வின் பெயர் அது. தம் மக்கள் குடியிருக்க அரசிடம் நிலம் கேட்டுப் போராடிப் பெற்றவர். அதற்கும் அப்பால் அல்ஜுனிட். ஹளரமௌத்திலிருந்து வணிகம் செய்ய வந்த அல்ஜுனைத் குடும்பத்தாரை நினைவூட்டும் பெயர். 1820இல் சிங்கப்பூரின் முதல் பள்ளிவாசலை எழுப்பியவர் அக்குடும்பத்தவரே. காலாங்கைக் கடந்ததும் வண்டி நிலத்தடியில் புகுகிறது. பின்னர் வரும் பூகிஸ், சுலவேசித் தீவின் கடலோடி மக்களின் பெயர். பொருள் தேடிக் கடல் கடந்தவர்களின் பெயர்களைக் கேட்டபடியே ராஃபிள்ஸ் பிளேஸில் இறங்கினேன். ஏறத்தாழ முக்கால் மணி நேரம் ஆகியிருந்தது.

வெளியே வந்தால் வானளாவிய வங்கிக் கட்டடங்கள். அவற்றினிடையே சூலியா தெரு! சோழமண்டலக் கரையிலிருந்து வந்த நம்மவரை அக்காலத்தில் சூலியர் என்றழைத்தனர். அருகிலுள்ள ஆற்றில் சரக்குத் தோணி ஓட்டியவர்களுள் அவர்களும் உண்டு.

சற்று நடந்தால் தெலுக் ஆயர் தெரு. அன்று அது கடற்கரை. கடலைத் தூர்த்துத் தூர்த்து இன்று அலையோசை கேளாத இடமாகிவிட்டது. அத்தெருவில்தான் 1828 முதல் 1830 வரை கட்டப்பட்ட நாகூர் தர்கா நிற்கிறது. அதே தெருவில் அல் அப்ரார் பள்ளிவாசல். 1827இல் ஓலைக் குடிசையாகத் தொடங்கியதால் தமிழர் நாவில் அது குச்சுப் பள்ளியாயிற்று. 1850களில் கற்கட்டடமாக எழுந்தது.

அஸர் தொழுதுவிட்டுப் பாட்டனாருக்காகக் கையேந்தினேன். அவரது கப்ரு எங்கே என்பதை யாரும் அறியார். பள்ளி மட்டும் இருக்கிறது.

வாசலில் நின்று வாப்பாவுடன் தொலைபேசியில் பேசினேன். "வழியைச் சொல்" என்றார்கள். தானா மேரா, பிடோக், கெம்பாங்கான், யூனோஸ் என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன். பள்ளிப் பிள்ளைபோல் அவர்களும் கூடவே சொல்லிவந்தார்கள். முடித்ததும் கேட்டார்கள்:

"இன்னொரு முறை சொல், தம்பி."