ஒரு பல் மட்டும் கறுத்த வழக்கு

பென்னாகரம் பக்கமிருந்து அம்மாவும் மகளும் வந்திருந்தார்கள். கீழே விழுந்ததில் மகளுக்கு மேல்வரிசை முன்பல் அடிபட்டு, ஒரு தனியார் கிளினிக்கில் ரூட் கேனால் செய்திருக்கிறார்கள். வலி போய்விட்டது. சில மாதங்களில் அந்தப் பல் மட்டும் சாம்பல் நீலமாகிவிட்டது. கேட்டதற்கு, “நம்ம ஊர்த் தண்ணி அப்படி” என்று அனுப்பிவிட்டார்களாம்.

“அப்ப மத்த பல்லெல்லாம் ஏன் சார் கறுக்கல?” என்றார் அம்மா.

அவர்களுக்காக நுகர்வோர் ஆணையத்தில் நான் தாக்கல் செய்த மனுவுக்கு, எதிர்தரப்பான கிளினிக் தந்த பதிலுரையிலும் தண்ணீர்தான் காரணம். லேசில் தள்ளிவிடக்கூடிய வாதமல்ல. தருமபுரி மாவட்ட நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அதிகம். ஒகேனக்கல் குடிநீர்த் திட்டத்தின் பெயரிலேயே ஃபுளோரோசிஸ் தணிப்பும் சேர்ந்திருக்கிறது. 2013-ல் அந்தத் தண்ணீர் வருவதற்கு முன் வளர்ந்த பிள்ளைகள் பலருக்குப் பல்லில் காவிக் கறை உண்டு. இந்தப் பெண்ணுக்கும் கொஞ்சம் இருந்தது. ஆனால் ஃபுளோரைடு கறை, சிறுவயதில் எனாமல் உருவாகும்போதே விழுவது. இருபக்கப் பற்களிலும் ஏறக்குறைய ஒன்றுபோல் தெரியும். வளர்ந்த பெண்ணுக்கு ஒற்றைப் பல்லில் திடீரென்று வராது. சிகிச்சைக்குச் சற்று முன், உறவினர் கல்யாணத்தில் அவள் சிரித்தபடி நிற்கும் படத்தைச் சான்றாவணமாக வைத்தேன். அதில் இரண்டு முன்பற்களும் ஒரே நிறம்.

உண்மைக் காரணம் சிகிச்சைச் சீட்டின் மூலையில் கிறுக்கலாக இருந்தது: ‘டி.ஏ.பி.’ சிப்ரோஃப்ளாக்சசின், மெட்ரோநிடசோல், மினோசைக்ளின் மூன்றையும் குழைத்த பசை. வேர்க்குழாய்க் கிருமிகளை அது கொல்வதை ஜப்பானின் நிகாட்டா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 1996-ல் காட்டினார்கள். ஆனால் மினோசைக்ளின் பல்லிலுள்ள கால்சியத்தோடு பிணைந்து நிறத்தை மாற்றிவிடும். அதனால் முன்பல்லில் அதைத் தவிர்ப்பார்கள், அல்லது வெளியே தெரியும் பகுதியில் படாமல் வேருக்குள்ளேயே நிறுத்துவார்கள். கால்சியம் ஹைட்ராக்சைடு என்ற மாற்று மருந்தும் உண்டு.

மருந்தைத் தேர்ந்தெடுத்ததே அலட்சியம் என்று நான் வாதாடவில்லை. ஏற்கப்பட்ட சிகிச்சைமுறைகளில் ஒன்றை மருத்துவர் தேர்ந்தெடுத்ததற்காக மட்டும் அவரைக் குறைசொல்ல முடியாது என்பது ஜேக்கப் மேத்யூ வழக்கில் உச்ச நீதிமன்றம் 2005-ல் சொன்னது. அந்தப் பசை பல்லைக் காப்பாற்றியதை மனுவிலேயே ஒப்புக்கொண்டேன். நான் பிடித்துக்கொண்டது 2008-ன் சமீரா கோலி தீர்ப்பை: பாதிப்பு வாய்ப்புகளையும் மாற்று வழிகளையும் எடுத்துச் சொல்லி வாங்குவதுதான் சம்மதம். பல் கறுக்கலாம் என்று சொன்னதற்கான ஒரு வரிகூட கிளினிக் பதிவேட்டில் இல்லை. வரன் பார்த்துக்கொண்டிருந்த பெண் அவள். வாயைக் கையால் மறைத்துக்கொண்டுதான் என்னிடமே பேசினாள். இதை அழகு சம்பந்தப்பட்ட சின்ன விஷயம் என்று எதிர்தரப்பு எழுதியதை இன்றும் என்னால் ஏற்க முடியவில்லை.

பல் மருத்துவ நிபுணர் ஒருவரின் கருத்துரை தாக்கலானதும் சமரசத்துக்கு வந்தார்கள். பல்லை உள்ளிருந்து வெளுக்கும் சிகிச்சைக்கான செலவையும் இழப்பீட்டையும் கொடுத்தார்கள்.

ரூட் கேனால் செய்துகொள்பவர்கள், உள்ளே வைக்கும் மருந்தின் முழுப்பெயரைச் சீட்டில் எழுதித் தரச் சொல்லுங்கள். தொடங்கும் முன் பல் தெரிய ஒரு படம் எடுத்து வையுங்கள். நுகர்வோர் ஆணையத்தில் புகார் தர இரண்டு ஆண்டுகள்தான் அவகாசம்.