புழுதிக்குள் காத்திருக்கும் செய்தி

பருத்தி இலையிலிருந்து ஆர்.என்.ஏ. எடுப்பது பொறுமை கேட்கிற வேலை. அரைத்த கொஞ்ச நேரத்திலேயே சாறு பழுப்பேறிவிடும். இலையில் மண்டிக்கிடக்கும் ஃபீனால்கள் காற்றுப்பட்டு மாறி ஆர்.என்.ஏ.வோடு ஒட்டிக்கொள்ளும். அதனால் சூடான சிடேப் கரைசல், அதில் பி.வி.பி., மெர்காப்டோ எத்தனால், பிறகு குளோரோஃபார்ம், கடைசியில் லித்தியம் குளோரைடில் ஓர் இரவு. காலையில் குழாயின் அடியில் வெள்ளையாகப் படிந்திருந்தால் நிம்மதி.

அப்படி எடுத்ததிலும் நான் தேடும் தூது ஆர்.என்.ஏ. நூற்றில் ஐந்து பங்கைத் தாண்டுவது அபூர்வம். டி.என்.ஏ.வில் உள்ள மரபணுவின் நகல் அது. ரைபோசோம் அதைப் படித்துப் புரதம் செய்கிறது. ஒரு முனையில் தொப்பி, மறுமுனையில் அடினைன் வால். வால் தேயத் தேய ஆயுள் குறைகிறது. தொப்பி கழன்றால் நொதிகள் தின்று தீர்த்துவிடும். சிலவற்றைக் குட்டி ஆர்.என்.ஏ.க்கள் அடையாளம் காட்ட, நடுவிலேயே வெட்டு விழும். சில நிமிஷங்களில் மறைவதும் உண்டு, பல மணி நேரம் நிற்பதும் உண்டு. புதிதாக எந்த நகலை எடுப்பது என்பதைப் போலவே, பழையதை எப்போது அழிப்பது என்பதிலும் செல்லின் ஆட்சி இருக்கிறது.

இதனால்தான் வறட்சியை அளக்கப் பருத்திக் காட்டில் நிற்கும்போது எனக்குப் பதற்றம். இலையைக் கிள்ளியதுமே அது காயத்துக்கான செய்திகளை எழுதத் தொடங்கிவிடும். தாமதித்தால் நான் அளப்பது வறட்சியை அல்ல, என் விரல் செய்த காயத்தை. கிள்ளிய கையோடு திரவ நைட்ரஜனில் போட்டாக வேண்டும். கால்நடை மருத்துவமனையில் சினை ஊசிக்கான விந்துக் குச்சிகளை வைத்திருப்பார்களே, அதே வகைக் குடுவைதான்.

விதையின் கதையோ முற்றிலும் வேறு. கோவில்பட்டி, எட்டயபுரம், விளாத்திகுளம் பக்கத்து மானாவாரிக் கரிசலில் மழைக்கு முன்பே காய்ந்த மண்ணில் விதைத்துவிடுவார்கள். விதை புழுதிக்குள் கிடந்து மழைக்குக் காத்திருக்கும். அந்த விதைக்குள்ளும் தூது ஆர்.என்.ஏ. இருக்கிறது, மாதக்கணக்கில் அழியாமல். இதற்கான சான்றைத் தந்ததே பருத்திதான். 1965-இல் லியான் டூர், லாரி வாட்டர்ஸ் இருவரும் புது ஆர்.என்.ஏ. உண்டாவதை ஆக்டினோமைசின் கொண்டு தடுத்துப் பார்த்தார்கள். அப்போதும் முளைக்கிற பருத்தி விதையில் புரதம் உண்டாகிக்கொண்டிருந்தது. தாய்ச்செடியில் இருக்கும்போதே எழுதப்பட்ட நகல்கள், நீர் பட்டதும் வேலைக்கு வந்திருந்தன.

1963-இல் அப்சிசிக் அமிலத்தைப் பிரித்தெடுத்ததும் இளம் பருத்திக் காய்களிலிருந்துதான். நீர் வற்றும்போது எந்த மரபணுக்கள் விழிக்க வேண்டும் என்று செடிக்குச் சொல்லும் ஹார்மோன் அது. விதை காயும்போது செல்லைக் காக்கும் லீ புரதங்களை டூரின் குழு முதலில் கண்டதும் பருத்தி விதையிலேயே. அவற்றுக்கான தூது ஆர்.என்.ஏ. முற்றிவரும் விதையில் குவிந்திருக்கும். முளைப்புத் தொடங்கியதும் விரைவாக மறைந்துவிடும். ஒரு தூறலுக்கு முளைத்த விதை, அடுத்த மழை தள்ளிப்போனால் கருகுவது ஏன் என்பதற்கு இதில் ஒரு பகுதி விடை இருக்கிறது. வேர் வெளியே வந்தபின் பழைய காப்பு திரும்புவதில்லை. விதையை ஆழமாகப் போடச் சொல்வது அதற்காகத்தான்: மேல்மண் மட்டும் நனைகிற தூறல் அதை எழுப்பக் கூடாது.

பருத்தியில் நமக்குத் தெரிந்ததில் பெரும்பகுதி அமெரிக்க இனத்தில் செய்த வேலை. நம் கரிசலின் கருங்கண்ணி வேறு இனம், நாட்டுப் பருத்தி. அந்த இனத்தின் மரபணுத் தொகுதி 2014-இலேயே வாசிக்கப்பட்டுவிட்டது; படிக்கத் தேவையான கருவி நம் கையில் இருக்கிறது. கோவில்பட்டியில் நூற்றாண்டு கடந்த வேளாண் ஆராய்ச்சி நிலையமும் இருக்கிறது. கருங்கண்ணி விதை வைத்திருக்கும் சம்சாரிகளே, அதைக் கைவிட்டுவிடாதீர்கள். இந்தப் பக்கத்துக் கல்லூரிகளில் உயிரியல் படிக்கும் பிள்ளைகளே, அந்த விதையில் கொஞ்சம் கேட்டு வாங்கி, காய்ந்த விதையிலும் நனைந்த விதையிலும் எந்தச் செய்திகள் இருக்கின்றன என்று பாருங்கள்.