ராமராஜன் சட்டைக் கலரும் எங்க ஆச்சியும்

ரொம்ப நாளாச்சுங்க இந்தப் பக்கம் எட்டிப் பார்த்து. ஆபீஸ்ல ஆணி கொஞ்சம் அதிகம். மிச்ச நேரத்தைத் தையல் மெஷின் முழுங்கிடுச்சு.

துணியைச் சதுரஞ்சதுரமா வெட்டி ஒட்டுப்போட்டு க்வில்ட் தைக்கிறது நம்ம பொழுதுபோக்கு. இதுவரைக்கும் தைச்சது எல்லாமே கருநீலம், கத்தரிப்பூ, அடர் சாம்பல்தான். மஞ்சள், ஆரஞ்சு, கிளிப்பச்சை பக்கம் தலைவெச்சுப் படுத்ததில்லை. அதெல்லாம் ராமராஜன் சட்டைக்குன்னு ஒதுக்கி வெச்ச கலருங்கிறது என் கொள்கை (ரசிகர்கள் மன்னிக்க!).

பொங்கலுக்கு ஊருக்குப் போறப்ப ஆச்சிக்கு ஒண்ணு தைச்சு எடுத்துட்டுப் போனேன். கருநீலமும் கத்தரிப்பூவும் மாத்தி மாத்தி. திருநெல்வேலி வெயிலுக்குப் பஞ்சு ஆகாதுன்னு நடுவுல அம்மாவோட பழைய வாயில் புடவை. ஆச்சி மடியில வெச்சுத் தடவிப் பார்த்தாங்க.

"தையலு நல்லாத்தான் இருக்கு. எதுக்குட்டி எனக்குப் போயி கருப்புல தச்சே?"

"கருப்பு இல்ல ஆச்சி, நீலம்."

"தாத்தா போன பொறவு ஒருத்தரும் எனக்குன்னு கலராத் துணி எடுத்துத் தரமாட்டுக்காவ. நீயுமா?"

என்ன சொல்றதுன்னே தெரியல. எழுந்து அடுக்களைக்குப் போயிட்டேன்.

ஆச்சிக்கு ரெண்டு கண்லயும் புரை. கண்ணுக்குள்ள இருக்கிற லென்ஸ் மஞ்சளாகி, பழுப்பாகி, நீல ஒளியை உள்ளே விடாம வடிகட்டிடும். கருநீலம் அவங்களுக்குக் கருப்பு. ஓவியர் மோனேவுக்கும் இதே தொந்தரவு. 1923ல வலது கண்ணுல அறுவை சிகிச்சை செஞ்சுக்கறதுக்கு முந்தி அவர் வரைஞ்ச ஜப்பானியப் பாலம் படங்களைப் பாருங்க, ஒரே சிவப்பும் பழுப்புமா இருக்கும்.

சென்னை திரும்பினதும் மஞ்சள் செல்லோஃபேன் தாளை நாலா மடிச்சுக் கண்ணுக்கு முன்னாடி பிடிச்சுக்கிட்டு என் துணிப்பெட்டியைத் திறந்தேன். அவ்வளவும் கரிமூட்டை!

அப்புறம் ஆரம்பிச்சது டெஸ்டிங். மாம்பழ மஞ்சளும் வெள்ளையும் வெச்சேன். தாள் வழியாப் பார்த்தா ரெண்டுக்கும் வித்தியாசமே தெரியல. ஆரஞ்சும் கிளிப்பச்சையும் பக்கத்துல வெச்சா குழாயடிச் சண்டை மாதிரி இருந்துச்சு. சரி, இதாவது தெரியுமேன்னு போன்ல கருப்பு வெள்ளையில ஒரு படம் எடுத்தேன். ரெண்டும் ஒரே சாம்பல்! நான் தைக்கிறது மூணுக்கு மூணு, ஒன்பது சதுரம் சேர்ந்த கட்டம். அஞ்சு அழுத்தமா இருக்கணும், நாலு வெளுப்பா இருக்கணும். அந்த ஏற்ற இறக்கம் இல்லேன்னா எத்தனை கலர் போட்டாலும் டிசைன் எழும்பாது. இத்தனை வருஷமா அழுத்தமானதோட அழுத்தமானதையே சேர்த்துத் தைச்சுட்டு அதுக்கு 'டீசன்ட்'னு பேர் வெச்சிருந்திருக்கேன்.

கடைசியில மாம்பழ மஞ்சளோட அரக்கு. தாள் வழியாவும் தெரிஞ்சுது, கருப்பு வெள்ளையிலும் தெரிஞ்சுது. அரக்கு சாயம் போகுமேன்னு ஒரு வெள்ளைக் கைக்குட்டையோட சேர்த்துத் தண்ணில ஊறப்போட்டேன். கைக்குட்டை ரோஸ் ஆகாம வர்றதுக்கு நாலு அலசல் ஆச்சு. மூணரை அங்குலச் சதுரம், கால் அங்குலத் தையல், மொத்தம் 35 கட்டம். அதாவது 315 சதுரம். முதல் பத்து கட்டம் வரைக்கும் எனக்கே கூச்சமா இருந்துச்சு. அதுக்கப்புறம் பழகிடுச்சு. பழகிடுச்சு என்ன, பிடிச்சுப் போச்சு.

போட்டோ அனுப்பினதும் அம்மா போன். "ஆச்சிக்குப் போய் இவ்வளவு மஞ்சளாடி? ஊர்ல என்ன சொல்லுவாங்க?"

"ஊருக்கா தைக்கிறேன்?"னு வெச்சுட்டேன். (அப்புறம் திரும்பக் கூப்பிட்டு சமாதானம் பண்ணினது தனிக்கதை.)

ஆச்சி கட்டில்ல விரிச்சுப் போட்டு ஒவ்வொரு சதுரமா விரல் வெச்சாங்க. "இது அரக்கு, இது மஞ்ச, இது அரக்கு..." கடைசி வரிசை முடியற வரைக்கும் யாரையும் பேச விடல.

போன மாசம் ஒரு கண்ணுக்கு ஆபரேஷன் ஆச்சு. கட்டுப் பிரிச்ச ரெண்டாம் நாள் போன் பண்ணினாங்க.

"ஏட்டி, அந்த மொதப் போர்வ நீலந்தான். நீ சொன்னது நெசம்."

"அப்ப இனிமே அதைப் போத்திக்கோங்க ஆச்சி."

"அத உங்கம்மைக்குக் குடுத்துட்டேன். அவ மஞ்சளத்தான் கேக்கா. நான் தரமாட்டேன்."

அடுத்து அம்மாவுக்குத் தைக்கணும். கிளிப்பச்சைத் துணி சும்மாத்தான் கெடக்கு :-)