அவிழாத முடிச்சு

சாய்ந்தமருதில் எங்கள் வளவிலே நின்ற கொய்யாமரம் இப்பொழுது இல்லை. ஆயினும், அம்மரத்திலிருந்து விழுந்த என் காக்காவின் வலக்கை விரல்கள், அறுபது ஆண்டுகள் கழிந்தும் மடங்கியபடியே இருக்கின்றன.

அப்பொழுது அவருக்கு வயது ஏழு, எனக்கு ஐந்து. முழங்கைக்குச் சற்று மேலே எலும்பு முறிந்திருந்தது. மூங்கிற் பட்டைகளை வைத்துத் துணியால் இறுகக் கட்டினார்கள். இறுக்கமாக இருந்தாற்றான் எலும்பு பொருந்தும் என்பது அந்நாளைய நம்பிக்கை. இராமுழுவதும் காக்கா துடித்தார். "தங்கச்சி, முடிச்சை அவிழ்த்துவிடு, விரல் மரத்துப்போச்சு" என்று என்னிடம் கெஞ்சினார். பெரியவர்களுக்கு அஞ்சி நான் அவிழ்க்கவில்லை. விடிந்தபோது விரல்கள் நீலம் பாரித்திருந்தன. எலும்பு பொருந்திற்று, கை போயிற்று.

சென்ற ஆண்டு என் மகளின் மகன், ஆறு வயதுப் பாலகன், மதிலிலிருந்து கையூன்றி விழுந்தான். அயலவர் ஒருவர் நல்லெண்ணத்துடன் கட்டுப் போட்டுவிட்டார். மஃரிபுக்குப் பின்னர் பிள்ளையின் அழுகை கூடிக்கொண்டே போயிற்று. செய்தி கேட்டு வந்த காக்கா, தம் இடக்கையால் அவன் விரல்களைத் தொட்டார். அவை வெளிறிக் குளிர்ந்திருந்தன. ஒரு விரலை மெல்ல நிமிர்த்தினார், பிள்ளை வீரிட்டான்.

"தங்கச்சி, இப்பவாவது அவிழ்" என்றார்.

நடுங்கும் கைகளால் அவிழ்த்தேன். உடனே கல்முனைக்கு விரைந்தோம்.

படம் பிடித்துப் பார்த்த வைத்தியர், முறிந்த எலும்பின் கூரிய முனை முன்னே தள்ளி, இரத்தக் குழாயையும் நரம்பையும் நெருக்குவதாக விளக்கினார். பெருவிரலையும் சுட்டுவிரலையும் சேர்த்து வளையம் போலக் காட்டும்படி பிள்ளையிடம் சொன்னார்; அவனால் இயலவில்லை. அன்றிரவே சத்திரசிகிச்சை செய்து, எலும்பை நேராக்கிக் கம்பிகளாற் பொருத்தினார்கள். விரல்களுக்கு நிறம் திரும்பிற்று.

இரத்தம் எட்டாத தசை சில மணி நேரத்திலேயே சாகத் தொடங்குமாம். ஆறு மணி நேரம் கடந்தால் மீட்பது அரிதாம். இறந்த தசை பின்னர் தழும்பாகிச் சுருங்கி விரல்களை மடக்கிவிடும். ஜெர்மனிய சத்திரவைத்தியர் வொல்க்மன் 1881ஆம் ஆண்டிலேயே இதனை எழுதிவைத்தாராம். நசுங்கிய நரம்போ, அறுந்துபோகாதிருந்தால், பெரும்பாலும் சில மாதங்களில் தானே தேறிவிடும் என்று வைத்தியர் ஆறுதல் கூறினார். அவ்வாறே மூன்றாம் மாதம் பேரன் விரல்களை வளையமாக்கி, அதனூடே தன் மூத்தவாப்பாவாகிய காக்காவைப் பார்த்துச் சிரித்தான்.

தாய்மாரே! கைமுறிந்த பிள்ளையின் அழுகையெல்லாம் எலும்பின் அழுகையன்று. கட்டுப்போட்ட பின்னும் நோவு வளர்ந்தால், விரல் வெளிறினால், குளிர்ந்தால், மரத்தால், நிமிர்த்தும்போது பிள்ளை அலறினால், கட்டைத் தளர்த்துங்கள். எண்ணெயிட்டு உருவாதீர்கள், முழங்கையை வலிந்து மடக்கவோ நீட்டவோ வேண்டாம். உண்ணக் கொடாமல் உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு செல்லுங்கள்.

காக்கா என்னை ஒருநாளும் குறை சொன்னதில்லை. ஆயினும் அன்றிரவு வீடு திரும்புகையில், "ரெண்டு முடிச்சையும் அவிழ்த்திட்டாய், தங்கச்சி" என்றார். அதன் பிறகே நான் நிம்மதியாக உறங்குகிறேன்.